எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி இது: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மகளிர் குழு எலுமிச்சை ஸ்குவாஷும், மாம்பழக் காலத்தில் ஜாமும் போடுகிறது. பிழிந்த எலுமிச்சைத் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜூஸ் கடைக்காரர்கள் சாத்துக்குடித் தோலையும் சும்மாவே தருவதாகச் சொல்கிறார்கள். இதிலிருந்து எண்ணெய், ஜாமை இறுகவைக்கும் பெக்டின், சர்க்கரை நோய்க்கான பொடி எல்லாம் எடுக்கலாம் என்று சொல்லி ஒருவர் தன் இயந்திரத்துக்கு விலை சொல்லியிருக்கிறார். கடன் வாங்கி அதை வாங்கலாமா?

சகோதரி, இப்போது வாங்க வேண்டாம். தோலில் மதிப்பு இருப்பது உண்மை. இந்த மாவட்டத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் தரக் கட்டுப்பாடு பார்த்துவிட்டு, இப்போது சிறு குழுக்களுக்குப் பழம் பதப்படுத்தச் சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை, பழத்தை அறுத்த முதல் சில மணி நேரத்தில் தோலை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் அதன் மதிப்பு நிற்கிறது. பிரித்தெடுக்கும் இயந்திரம் அதற்குப் பிறகுதான். இன்னொன்று, தோலில் இருக்கும் நல்ல சரக்கை விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பவர்களே நீங்கள்தான். மாம்பழ ஜாமுக்குக் கடையில் வாங்கும் பெக்டின் பொடி எலுமிச்சைத் தோலிலிருந்தோ, ஆரஞ்சுத் தோலிலிருந்தோ, ஆப்பிள் சக்கையிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். நம் நாட்டில் விற்கும் பெக்டினில் பெரும்பகுதி இறக்குமதி.

முதலில் தோலைப் பார்ப்போம். சாறு பிழிந்த பிறகு பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி மிஞ்சுகிறது. மேலே நிறமுள்ள மெல்லிய தோல், அதில் ஊசிமுனை அளவு எண்ணெய்ப் பைகள். அதற்குக் கீழே வெள்ளைப் பஞ்சுப் பகுதி, பெக்டின் அதிகம் இருப்பது அங்கேதான். பிறகு சுளைகளைச் சுற்றிய சவ்வு, சக்கை, கொட்டை. காய்ந்த எடையில் பார்த்தால் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சிட்ரஸ் பழங்களின் தோலில் 20 முதல் 30 சதவீதம் வரை பெக்டின் இருக்கும். ஆப்பிள் சக்கையில் 10 முதல் 15 சதவீதம்தான். நம் ஊர் எலுமிச்சை மேல்நாட்டு மஞ்சள் லெமன் இல்லை, லைம் வகை. அதற்குத் தோல் மெல்லிசு, வெள்ளைப் பகுதி குறைவு. ஆனால் அதிலிருந்து வரும் பெக்டின் நன்றாக இறுகும். சாத்துக்குடியில் வெள்ளைப் பகுதி தடிமனாகக் கிடைக்கும், இறுகும் வலு சற்றுக் குறைவு. இரண்டும் உங்கள் கைக்கு வருவது நல்ல சேர்க்கை.

கெடுதி எங்கே தொடங்குகிறது என்றால், அறுத்தவுடனே. தோலிலேயே இருக்கும் ஒரு நொதி, சாறும் தோலும் நசுங்கிக் கலந்ததும் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். மேல்பக்கத்தில் ஈஸ்ட்டும் பூஞ்சையும் ஏறும். காலையில் பிழிந்த தோலை மாலை வரை பாலித்தீன் மூட்டையில் கட்டி வெயிலில் வைத்தால், பிறகு எவ்வளவு நல்ல இயந்திரத்தில் போட்டாலும் கிடைப்பது மட்டமான சரக்குதான். ஜூஸ் கடைகளில் ஒரு வசதி உண்டு. சாத்துக்குடியைக் கத்தியால் தோல் சீவிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுகிறார்கள். அதனால் தோல் சாறு படாமல் தனியாக விழுகிறது. அது தரையில் விழாமல் மூடியுள்ள சுத்தமான வாளியில் விழுந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. கடைக்கு இரண்டு வாளி நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒன்று தோலுக்கு, இன்னொன்று சக்கைக்கு. பீடித்துண்டும் ஸ்ட்ராவும் கலந்த தோலை யார் சும்மா கொடுத்தாலும் உணவுக்கு எடுக்காதீர்கள்.

எல்லாத் தோலும் உணவுக்கு ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறக்குமதி ஆரஞ்சில் மெழுகும், அழுகாமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லியும் பூசியிருப்பார்கள். அந்தத் தோல் வேண்டாம். ராகு காலத்தில் அம்மன் சன்னதியில் ஏற்றிய எலுமிச்சை விளக்குகள், ஆயுத பூஜையன்று வண்டிச் சக்கரத்தில் நசுக்கிய பழங்கள் எல்லாம் உரக்குழிக்குத்தான். தோட்டத்தில் அடித்த மருந்து தங்குவதும் மேல்தோலில்தான், அதிலும் எண்ணெய்ப் பகுதியில் அதிகம். அதனால் எலுமிச்சை கொடுக்கும் வியாபாரியிடம் பழம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வையுங்கள். பொட்டலம் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் மருந்து எச்சப் பரிசோதனை ஒருமுறையாவது செய்தாக வேண்டும்.

வந்த தோலை நன்றாகக் கழுவி, மேல்தோலை லேசாகத் துருவி எடுத்துவிட்டு, மீதியைச் சிறு துண்டாக நறுக்கிக் கொதிக்கும் நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். அந்த நொதி அதில் செத்துவிடும். சர்க்கரையும் கசப்பில் ஒரு பகுதியும் நீரோடு போய்விடும். பெக்டின் பெரும்பாலும் தோலிலேயே நிற்கும், ஏனென்றால் புளிப்பில்லாத நீரில் அது சீக்கிரம் கரைவதில்லை. அப்புறம் பிழிந்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஈரத் தோலில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். 100 கிலோ கொண்டுவந்தால் காய்ந்த பிறகு 20, 25 கிலோதான் கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புளியைக் காயவைப்பதுபோல ரோட்டோரத்தில் தார்ப்பாயில் போடுவது இதற்குச் சரிவராது. தூசி ஒட்டும், இரவுப் பனியில் மறுபடி ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். பாலித்தீன் கூடாரச் சூரிய உலர்த்தி ஒன்று இருந்தால் நம் வெயிலுக்கு அதுவே போதும். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வருகிறது. கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் அந்த உலர்த்திக்கு வாங்குங்கள். தக்காளி, கறிவேப்பிலை, மாங்காய் வற்றல் என்று ஆண்டு முழுக்க அதற்கு வேலை இருக்கும்.

ஒடித்தால் சடக்கென்று ஒடியும் அளவுக்குக் காய்ந்த தோலைக் காற்றுப் புகாத டப்பாவில் பல மாதம் வைக்கலாம். உலகப் பெக்டின் வியாபாரமே இப்படித்தான் நடக்கிறது. டென்மார்க்கில் உள்ள மிகப் பெரிய பெக்டின் ஆலைக்குத் தென் அமெரிக்காவிலிருந்து காய்ந்த தோல் கப்பலில் போகிறது. உங்களுக்குக் காவேரிப்பட்டணத்திலேயே தோலும் உண்டு, தேவையும் உண்டு. எலுமிச்சை ஆண்டு முழுக்க வரும், மாம்பழம் மே முதல் ஜூலை வரைதான். மற்ற மாதங்களில் தோலைக் காயவைத்துச் சேர்த்து, மாம்பழம் வந்ததும் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

சரி, பெக்டினை எப்படி எடுப்பது? ஆலையில், நீர்த்த அமிலத்தில் தோலை வேகவைத்து, வடிகட்டி, அந்த வடிநீரில் ஆல்கஹாலை ஊற்றிப் பெக்டினைத் திரளவைத்து, உலர்த்திப் பொடியாக்குவார்கள். உங்களிடம் வந்தவர் விற்கப் பார்ப்பது இதன் சிறு வடிவத்தைத்தான். இதை நான் தடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ பொடிக்குப் பல லிட்டர் ஆல்கஹால் வேண்டும். அதைக் காய்ச்சி மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். தீப்பற்றும் ஆபத்து பெரிது. சுத்தச் சாராயம் வைத்திருக்கத் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் துறையின் உரிமம் வேறு வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தாலும், ஒவ்வொரு தொகுதியும் ஒரே அளவுக்கு இறுகும் என்று உத்தரவாதம் கொடுக்காவிட்டால் எந்தப் பெரிய கம்பெனியும் வாங்காது.

உங்களுக்குப் பொடியே தேவையில்லை, பெக்டின் நீர் போதும். அதை ஸ்டீல் அண்டாவில் செய்யலாம். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். காய்ந்த தோல் ஒரு பங்குக்கு நீர் 15 முதல் 20 பங்கு ஊற்றி, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் இரண்டரைக்கு அருகில் வரும்படி செய்யுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. அதிக நேரம் கொதித்தால் எடுத்த பெக்டினே உடைந்துபோகும். பிறகு மல் துணியில் வடியவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கலங்கலாக வரும், தானாக வடிவதே தெளிவு.

வந்த நீரில் பெக்டின் எவ்வளவு என்று அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஆறிய நீர் ஒரு ஸ்பூனோடு ஸ்பிரிட் இரண்டு ஸ்பூன் சேர்த்து, மெதுவாகச் சுழற்றிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் நல்ல சரக்கு. இரண்டு மூன்று கட்டிகளாக வந்தால் இன்னும் கொஞ்சம் சுண்டவைக்கலாம். திப்பி திப்பியாக நின்றால் தோல் கெட்டிருக்கிறது அல்லது புளிப்புப் போதவில்லை. சோதித்ததை வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்திய தர நிர்ணயம். ஃபுளோரைடு ஆவியாகப் போகாது. போர் தண்ணீரில் வேகவைத்துப் பாதியாகச் சுண்டவைத்தால், மிஞ்சும் நீரில் அது இரண்டு மடங்காகும். அதே போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினைப் பிடித்துக்கொண்டு தோலைவிட்டு இறங்கவிடாது, வரும் அளவும் குறையும். ஆகவே பெக்டின் நீருக்கு ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான். தோலைக் குடத்தில் போட்டு வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்றும் ஒரு பேச்சு சுற்றுகிறது. ஆரஞ்சுச் சக்கையில் உலோக அயனிகளை ஏற்றி ஃபுளோரைடை ஈர்க்கும் ஆய்வுகள் நடந்திருப்பது உண்மை. அது ஆய்வகத்தில் பக்குவப்படுத்திய பொருள். வெறும் தோலை நம்பி வீட்டில் யாரும் அந்த நீரைக் குடிக்கக் கூடாது.

மாம்பழ ஜாமுக்கு வருவோம். நன்கு பழுத்த மாம்பழத்தில் பெக்டினும் குறைவு, புளிப்பும் குறைவு. அதனால்தான் வெறும் கூழையும் சர்க்கரையையும் கிளறினால் அல்வா மாதிரி ஆகிறதே தவிர ஜாமாக நிற்பதில்லை. எலுமிச்சைத் தோல் நீர் இந்த இரண்டு குறையையும் ஒன்றாகத் தீர்க்கிறது. கூழோடு தோல் நீரைச் சேர்த்து முதலில் கொதிக்கவிட்டு, பிறகு சர்க்கரை போட்டு, சர்க்கரை அடர்த்தியைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் 65-க்கு மேல் வந்ததும் இறக்குங்கள். பி.எச். 3-லிருந்து 3.3-க்குள் இருந்தால் நன்றாக இறுகும். பெங்களூரா கூழுக்கு எவ்வளவு, அல்போன்சாவுக்கு எவ்வளவு என்பதைச் சிறு அளவில் போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் தோல், உங்கள் தண்ணீர், உங்கள் பழம். வேறொருவர் அளவு அப்படியே பொருந்தாது.

அதிகம் சுண்டவைத்த தோல் நீர் சற்றுக் கசக்கும், அது இயல்பு. துருவி எடுக்காத தோலாக இருந்தால் கசப்போடு எண்ணெய் வாடையும் சேரும். கொட்டையைக் கட்டாயம் நீக்குங்கள். கொட்டையில் உள்ள கசப்பு, நேரம் ஆக ஆகத்தான் நாக்குக்குத் தெரியும். போட்ட அன்று நன்றாக இருந்த ஜாம் ஒரு வாரத்தில் கசந்தது என்றால் கொட்டையின் வேலையாக இருக்கலாம்.

அடுத்து, துருவி எடுத்த மேல்தோல். அதில் எண்ணெய் இருக்கிறது. ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். வாசனை, சோப்பு, கறை நீக்கி எல்லாவற்றுக்கும் போகும் சரக்கு. ஆனால் 100 கிலோ ஈரத் தோலை நீராவியில் காய்ச்சினால் வருவது ஒரு கிலோவை ஒட்டித்தான், சில சமயம் அதிலும் பாதி. உங்கள் அளவுக்கு விறகுச் செலவே கட்டாது. இந்த ஆவி ஏறக்குறைய 48 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சுகிற ஏற்பாட்டை யார் காட்டினாலும் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். துருவலை அப்படியே உலர்த்தி பேக்கரிக்கும் டீத்தூள் கலப்பவர்களுக்கும் வாசனைக்காகக் கொடுப்பது எளிது. அல்லது சர்க்கரையில் பிசைந்து வைத்தால் உங்கள் ஸ்குவாஷுக்கே மணம் கூடும்.

எண்ணெயை, சாற்றை, தோல் பொடியை முகத்துக்குப் பூசும் பொருளாக விற்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எலுமிச்சைத் தோலில் உள்ள சில பொருள்கள் நம் உடம்புத் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம்போல் கொப்புளம் வரும், கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். காற்றுப்பட்டுப் பழசான லிமோனீன் ஒவ்வாமையையும் கிளப்பும். வெயிலில் களையெடுக்கும் பெண்கள் நம் ஊரில் அதிகம். பரு போகும் என்று சொல்லி அவர்கள் கையில் இதைக் கொடுப்பது பாவம்.

இப்போது அந்தச் சர்க்கரை நோய்ப் பொடி. இதில்தான் பேச்சு அதிகம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சிட்ரஸ் தோலில் உடம்புக்கு நல்லது உண்டா என்றால், உண்டு. காய்ந்த தோலில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. பச்சை ஆரஞ்சுத் தோல் 100 கிராமில் 130 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, சாற்றில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்த பிறகு அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே ஆய்வகத்தில் அளக்காமல் பாக்கெட்டில் வைட்டமின் சி என்று அச்சடிக்காதீர்கள்.

பெக்டின் கொழுப்பைக் குறைக்கும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-ல் இதை ஆராய்ந்து, நாளொன்றுக்குக் குறைந்தது 6 கிராம் பெக்டின் எடுத்தால் ரத்தக் கொழுப்பு சரியான அளவில் இருக்க உதவும் என்று ஏற்றுக்கொண்டது. சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவதைத் தணிக்க ஒரு வேளை உணவோடு 10 கிராம் என்றது. இந்த அளவுகளைக் கவனியுங்கள். ஜாமில் பெக்டின் ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 6 கிராமுக்கு 600 கிராம் ஜாம் சாப்பிட வேண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை! பெக்டின் சேர்ந்த ஜாம் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தோல் பொடியிலும் ஒரு ஸ்பூனில் கிடைக்கும் பெக்டின் ஒரு கிராமை ஒட்டித்தான். வயிறு சீராக இருக்க உதவும் நார்ச்சத்து என்று அதைச் சொல்லலாம், மருந்து என்று சொல்லக் கூடாது. சர்க்கரை நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டப்படி குற்றம். உணவுப் பாதுகாப்புத் துறையும் கேட்கும். இயந்திரம் விற்பவர் மாட்டமாட்டார், பாக்கெட்டில் பெயர் போட்ட நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

தோலிலிருந்து நிஜமாகவே மருந்தான பொருளும் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் உள்ள ஹெஸ்பெரிடின். மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் டாக்டர்கள் எழுதும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 450 டயோஸ்மின், 50 ஹெஸ்பெரிடின். அந்த டயோஸ்மினையும் ஹெஸ்பெரிடினிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். 1936-ல் செண்ட்-ஜியோர்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி எலுமிச்சையிலிருந்து இந்த வகைப் பொருளைப் பிரித்து அதை ஒரு வைட்டமின் என்றே கருதினார், பின்னால் அது வைட்டமின் இல்லை என்று ஆனது. ஆனால் மாத்திரைக்குப் போகும் சுத்தம் மருந்து ஆலையில்தான் வரும். தோல் பொடி தின்றால் அந்த மாத்திரை தின்றதாக ஆகாது.

பம்பளிமாஸ் தோலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், பொடியில் கலக்காதீர்கள். அதன் உறவான கிரேப்ஃபுரூட், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையின் அளவை உடம்பில் ஏற்றிவிடுகிறது என்று 1989-ல் கனடாவில் தற்செயலாகக் கண்டார்கள். சில கொழுப்பு மாத்திரைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. நம் ஊரில் வயதானவர்கள் பலர் ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்கள். தினமும் தோல் பொடி சாப்பிட நினைப்பவர்கள் டாக்டரிடம் கேட்கட்டும் என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

பிறகு பொடியை எப்படி விற்பது? உணவாக விற்கலாம். வெந்நீரில் போட்டெடுத்துக் காயவைத்த தோலை நைசாக அரைத்தால் வரும் நார்மாவு, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிஸ்கட், கேக், ரொட்டி சீக்கிரம் வறண்டு போகாது. கேழ்வரகு பிஸ்கட்டுக்கு இது நல்ல துணை. கேழ்வரகு மாவில் பசை இல்லாததால் பிஸ்கட் உதிரும், நார்மாவு கொஞ்சம் பிடிப்புக் கொடுக்கும். 100 பங்கு மாவுக்கு 3 முதல் 5 பங்குக்கு மேல் போகாதீர்கள், கசப்பு தெரிய ஆரம்பிக்கும். கேழ்வரகு விளையும் மாவட்டம் நம்முடையது. அந்த பிஸ்கட்டுக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் வாடிக்கையாளர் இருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட எளிதானது, தோலைத் தோலாகவே விற்பது. எதையும் பிரிக்க வேண்டாம். நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பு அடைத்துக் காயவைத்த நம் பாட்டிமார் செய்தது இதைத்தான். காய்ச்சல் விட்ட வாய்க்கு அதற்கு ஈடு ஏது? பிழிந்த எலுமிச்சைத் தோலும் அப்படியே ஊறுகாய்க்கு ஆகும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். சாறு போன தோலில் புளிப்பு குறைவு, ஆகவே முழுப் பழ ஊறுகாயின் அளவை நம்பாமல் கொஞ்சம் சாற்றைத் திரும்பச் சேர்த்து, உப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் போடுங்கள். சாத்துக்குடித் தோலை மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பைப் போக்கி, சர்க்கரைப் பாகில் நாளுக்கு நாள் பாகின் அடர்த்தியைக் கூட்டி ஊறவைத்தால் பேக்கரிக்காரர்கள் கேட்கும் ஆரஞ்சு பீல். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் தோல் சுருங்கி ரப்பராகும், அதனால்தான் படிப்படியாக. கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். சீனாவில் சின்ஹுய் என்ற ஊர்க்காரர்கள் ஆரஞ்சு வகைத் தோலை வெறுமனே காயவைத்து ஆண்டுக்கணக்கில் பழக்கி, பழத்தைவிடத் தோலுக்கு அதிக விலை வாங்குகிறார்கள். முழுத் தோலுக்கும் சந்தை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாம் எடுத்த பிறகும் சக்கை மிஞ்சும். மாடு தின்னும். வெளிநாடுகளில் காய்ந்த சிட்ரஸ் சக்கை பல பத்தாண்டுகளாக மாட்டுத் தீவனம். ஈரச் சக்கையைக் கேழ்வரகுத் தாளோடு அடுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவைத்தால் தாள் சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) மாறும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பூஞ்சை பிடித்ததைக் கறவை மாட்டுக்குக் காட்டவே கூடாது. கோழிக்கு இது வேண்டாம். சாண எரிவாயுக் கலத்திலும் தோலை அள்ளிக் கொட்டாதீர்கள், அதிலுள்ள எண்ணெய் வாயு தரும் நுண்ணுயிர்களை அடக்கிவிடும். மண்புழுவும் புதுத் தோலை ஒதுக்கும். சாணமும் காய்ந்த இலையும் நிறையச் சேர்த்துச் சாதாரண உரக்குழியில் மட்கவிடுவதே சரி. மண்ணுக்கு இது கெடுதல் என்று பயப்பட வேண்டியதில்லை. கோஸ்டா ரிகாவில் 1990-களின் கடைசியில் 12,000 டன் ஆரஞ்சுக் கழிவைத் தரிசான 3 ஹெக்டேரில் கொட்டினார்கள். பதினாறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பக்கத்து நிலத்தைவிட அங்கே மரஞ்செடிகளின் மொத்த எடை 176 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் மட்கும் வரை புழுவும் நாற்றமும் இருக்கும், அதை ஊருக்கு நடுவில் செய்ய முடியாது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்களுக்கு ஸ்குவாஷுக்கே இருக்கும். அதில் ஊறுகாய், பிஸ்கட் என்று புதுப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்முறை சந்தேகங்களுக்கு எலுமிச்சங்கிரியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம், தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி. பரிசோதனைக்கும் தொழில்நுட்பத்துக்கும் தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் நமக்கு எட்டும் தூரம்தான். சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று 2020-ல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு உலர்த்திக்கோ அரவை இயந்திரத்துக்கோ போடுங்கள்.

இயந்திரம் விற்க வந்தவரை அப்படியே அனுப்பிவிடவும் வேண்டாம். அவர் ஏற்கெனவே கொடுத்த இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே உங்கள் தோலையே 50 கிலோ கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் ஓட்டி, வந்த பொடியை நிறுத்து, அதை உங்கள் மாம்பழக் கூழில் போட்டு ஜாம் இறுகுகிறதா என்று அன்றே பாருங்கள். ஆகும் ஆல்கஹால், கரண்ட், ஆள் கூலி மூன்றையும் அதே நோட்டில் எழுதி, கடையில் விற்கும் பெக்டின் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை அண்டாவும் மல் துணியும் போதும்.